நாத்தனார் முற்றத்து வழி

மலையிலிருந்து இறங்கி வந்து என் வீட்டில் அறை எடுப்பவர்கள், முதுகுப் பையைக் கழற்றி வைத்ததும் முதலில் கேட்பது தண்ணீர். அடுத்துக் கேட்பது, "மேல நடு ஊர்ல ஒரு அம்மா இருக்காங்களே, அவங்க யாரு?" என்பது. தண்ணீரை உடனே கொடுத்துவிடுவேன். இரண்டாவதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். ஆள் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான், "என் நாத்தனார்" என்று சொல்வேன்.

உடனே அவர்கள் தடுமாறி, "ரொம்ப அக்கறையானவங்க" என்பார்கள். அந்த அக்கறை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பலகை உண்டு. கல்லால் கட்டிய மூன்று ஊர்கள் வழியாக அரை நாள் நடை, 'எளிது, குழந்தைகளும் வரலாம்' என்று அதில் எழுதியிருக்கும். உண்மைதான். ஒரு காலத்தில் கழுதைகள் மூட்டை சுமந்து போன வழி என்பதால் படிகள் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். பெரிதாக மூச்சு வாங்காது. கீழ் ஊரில் தொடங்கி, ஆற்றைத் தாண்டி, வளைந்து வளைந்து நடு ஊருக்கு ஏறி, ஒரு மேட்டைக் கடந்து எங்கள் ஊருக்கு இறங்கும். சுவரும் கல், கூரையும் கல், தண்ணீர்த் தொட்டியும் கல். வருகிறவர்கள் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்ப்பார்கள். பாதை எளிதுதான், அதில் வருகிறவர்கள்தான் கஷ்டம் என்பது என் நாத்தனாரின் கருத்து.

அந்தப் பாதையைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் வேலை. நடைபாதைச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் இவர்தான். சரிந்த கல்லை எடுத்து அடுக்குவார், முள்ளை வெட்டுவார், வழி தெரிவதற்காக மஞ்சள் பெயிண்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குக் 'கண்' என்று பெயர் வைத்திருக்கிறார். நடக்கிறவன் எங்கே தயங்கி நிற்பானோ அங்கே மட்டும்தான் கண் வைக்க வேண்டும், மற்ற இடத்தில் வைத்தால் அது கல்லை அசிங்கம் பண்ணுவது என்பது அவருடைய சட்டம். வைத்த பிறகு கொஞ்ச தூரம் போய், ஊருக்குப் புதிதாக வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்ப நடந்து வந்து பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. வழி மாறினால் பழைய கண்ணை மூட வேண்டும். அதற்குக் கல்லின் நிறத்திலேயே சாம்பல் பெயிண்ட் கலந்து ஒரு டப்பாவில் வைத்திருப்பார்.

நல்ல மனுஷர். ஒரே குறை, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் என் பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். "எனக்கு எதுக்கு, ஒண்ணும் வேணாம்" என்றேன். ஒன்றும் வாங்கி வரவில்லை. அன்று நான் ஏன் பாத்திரங்களை அப்படிப் போட்டு உருட்டினேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது. இப்படிப்பட்டவருக்கு அக்காவாக, மனதில் இருப்பதற்கு நேர் எதிராக மட்டுமே வாய் திறக்கிற ஒருவர் வந்து வாய்த்தார்.

நாத்தனார் பிறந்தது நடு ஊரில், அந்தக் கல் வீட்டில்தான். ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதி கீழே சமவெளியில், ஒரு ரயில்வே கேட்டில் போயிற்று. கேட் கீப்பர் வேலை. தண்டவாளத்தை ஒட்டி ஒரு அறை. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் மணியும் டெலிபோனும், கதவோரம் சுருட்டி வைத்த சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். மணி அடித்தால் வெளியே வந்து கேட்டை மூட வேண்டும், ரயில் போனதும் திறக்க வேண்டும். இடையில் கிடைக்கிற நேரத்தில், கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்களைத் திட்டுவார். அது வேலையில் சேராது, இலவசம். ஹாரன் அடிக்கிறவனிடம், "அங்க போய் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறே?" என்பார். கைக்குழந்தையோடு பைக்கில் வருகிறவர்களிடம், ரயில் போகும்வரை குழந்தையின் காதைப் பொத்தச் சொல்வார். குனிந்து நுழையப் பார்க்கிறவனைச் சட்டைக் காலரைப் பிடித்தே இழுத்திருக்கிறார். அந்த வழியாகப் போகிறவர்களில் யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு வேலை போயிற்று, எந்தப் பள்ளி வேனில் பிரேக் சரியில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்படி மூடின கேட்டுக்கு முன்னால் அடிக்கடி வந்து நின்ற ஒரு லாரி டிரைவர்தான் அவருடைய கணவரானார். ரயில் வருகிற நேரம் பார்த்து இந்த ஆள் வந்து நிற்கிறாரே என்று சந்தேகம் வந்து, ஒரு நாள் இவர் நேராகவே கேட்டுவிட்டாராம். "ஆமா" என்றாராம் அவர். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. குழந்தை பிறக்கவில்லை. ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தார்கள். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லாரியிலேயே சாய்ந்து படுத்த மனிதர் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்கால ரயிலுக்கும் கேட்டை மூடியது தான்தான் என்று நாத்தனார் ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். மாற்று ஆள் வர நேரமாகிவிட்டதாம், ரயில் காத்திருக்காதாம்.

பிறகு அங்கே மேம்பாலம் கட்டினார்கள். ஊர் மொத்தமும் கேட்டு வாங்கிய பாலம், யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டைக் கழற்றி எடுத்துப் போனார்கள். இவருக்கு ஸ்டேஷனில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதில் உட்கார்ந்திருந்துவிட்டு மலைக்கே வந்து சேர்ந்தார். எங்களோடு வந்து இருக்கச் சொன்னோம். "ஒரு அடுப்புக்கு ரெண்டு பொம்பளைங்க வேணாம்மா. நீயும் நல்லா இருக்கணும், நானும் நல்லா இருக்கணும்" என்றார். அவர் சொன்னவற்றிலேயே நான் முழு மனதோடு ஒப்புக்கொண்ட வார்த்தை அதுதான்.

அந்த வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. சுவர் அத்தனை கனம். ஜன்னல் திட்டில் ஒரு வாளியை வைத்தாலும் விளிம்பு வெளியே தெரியாது. வாசலுக்கு முன்னால் கல் பாவிய முற்றம், அதில் ஒரு குழாய், ஒரு கல் பெஞ்சு, ஓரமாகக் கொஞ்சம் அவரைக்கொடி. பழைய பாதை அந்த முற்றத்துக்குள்ளேயே புகுந்து போகும். கீழ்ப்பக்கம் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு கல் வளைவு வாசல் வழியாக நுழைந்து, மேல்பக்கம் ஒரு மரக் கேட் வழியாக வெளியேறும். கேட் எதற்கென்றால், மேட்டில் ஆட்டுக்காரரின் ஆடுகள் மேயும். திறந்து கிடந்தால் அவை வந்து அவரையை ஒரு வழி பண்ணிவிடும். ஊரில் வருஷம் முழுக்க இருப்பவர்கள் இவரும் அந்த ஆட்டுக்காரரும்தான். மற்ற வீடுகளெல்லாம் கோடைக்கு மட்டும் திறப்பவை. ஆட்டுக்காரருக்குக் காது கேட்காது. நாத்தனார் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதற்கு அது ஒரு தகுதி என்று நான் நினைப்பதுண்டு.

நடப்பவர்கள் முற்றத்துக்குள் கால் வைத்ததும் ஆரம்பமாகும். "இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டா மலை ஏற வந்தீங்க?" "பிள்ளைக்குத் தொப்பி எங்க?" "குழாயை இறுக்கி மூடுங்க, தண்ணி என்ன சும்மாவா வருது?" எல்லாம் முடிந்து அவர்கள் கேட்டைத் தாண்டும்போது, "கேட்டை மூடிட்டுப் போங்க" என்று ஒரு சத்தம். பத்து பேரில் ஒருவர் மூடாமல் போவார். இவர் கேட் வரை நடந்து போய், அவர்கள் கண்ணிலிருந்து மறையும்வரை அவர்கள் வளர்ந்த விதத்தைப் பற்றிப் பேசிவிட்டு, மூடிவிட்டு வருவார்.

வாரா வாரம் என் வீட்டுக்காரர் சாமான் வாங்கிக்கொண்டு மேலே போவார். போனதும் புகார் காத்திருக்கும். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். காயப்போட்ட துணியைப் போட்டோ எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஜோடி சண்டை போட்டது, தான்தான் தீர்த்து வைக்க வேண்டியதாயிற்று. ஒருத்தன் படியில் உட்கார்ந்து அழுதான், டீ போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. "எல்லாம் என் தலையில விடியுது. உன் மஞ்சப் பெயிண்டைக் கொண்டுபோய் வேற எங்கயாவது அடியேன்டா" என்பார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்து, "பாவம் அக்கா" என்பார். எனக்கு அது பாவமாகப் படவில்லை, ஆனால் அக்கா தம்பி விஷயத்தில் நான் எதற்குத் தலையிட வேண்டும் என்று இருந்துவிடுவேன்.

போன குளிர்காலத்தில் முற்றத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்து நாத்தனாருக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு எங்கள் வீட்டில் வந்து இருந்தார். ஒரு அடுப்பு, இரண்டு பெண்கள். நான் உப்புப் போட்டால் அவர் டப்பாவைப் பார்ப்பார். அவர் டப்பாவைப் பார்த்தால் நான் இன்னும் கொஞ்சம் போடுவேன். அந்தச் சமயத்தில்தான் டாக்டர், "நல்லா ஓய்வெடுக்கணும்" என்றார். நாத்தனார் விடுவாரா? "எங்க டாக்டர் ஓய்வு? வீட்டுக்குள்ளயே ரோடு போகுது. என்னைக் கொஞ்சம் நிம்மதியா விடச் சொல்லுங்க, அது போதும்" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். கோர்ட்டில் தீர்ப்புக் கேட்கிறவர் மாதிரி இருந்தது.

பனி உருகியதும் என் வீட்டுக்காரர் வேலையில் இறங்கினார். நடு ஊருக்குப் பின்னால் பழைய வயல் வரப்பை ஒட்டி ஒரு புதர் வழி இருந்தது. முள்ளை வெட்டி, மண் இறங்கிய இடங்களில் கல் அடுக்கி, புதிதாகப் படி கட்டினார். சங்கத்தில் பேசி அனுமதி வாங்கினார். வளைவுக்குக் கீழே, வழி பிரிகிற இடத்திலிருந்து புதுக் கண்கள் வைத்துக்கொண்டே போய், கேட்டுக்கு மேலே பழைய பாதையோடு சேர்த்துவிட்டார். முற்றத்துக்குப் போகிற பழைய கண்களையெல்லாம் சாம்பல் பெயிண்டால் மூடினார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குணமாகி அவர் வீடு திரும்புகிற நாளன்று காட்ட வேண்டும் என்று ஆசை. ராத்திரி சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். வேலை செய்து அவ்வளவு சந்தோஷப்பட்டு அவரை நான் பார்த்ததில்லை.

காட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். "இனிமே ஒருத்தரும் உன் முத்தத்துப் பக்கம் வர மாட்டாங்க அக்கா. நீ நிம்மதியா இரு." நாத்தனார் புதுப் படிகளைப் பார்த்தார். சாம்பல் அடித்த கல்லைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். பின்னால் ஒரு 'ஆனா'கூட இல்லை. கல்யாணப் புடவையிலிருந்து என் குழந்தைகள் வரைக்கும், ஒரு 'ஆனா' சேர்க்காமல் அவர் எதையும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

அந்தக் கோடையில் என் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் கேட்டார்கள், குடித்தார்கள். "நடு ஊர் எப்படி இருந்துச்சு?" என்று நானே வாயைக் கிளறினால், "ரொம்ப அழகு, ரொம்ப அமைதி" என்றார்கள். ஒருத்தர் முகத்திலும் ஒரு கீறல் இல்லை. தொப்பி இல்லாத குழந்தைகள் தொப்பி இல்லாமலேயே வந்து சேர்ந்தன. முதலில் எனக்கு ஏதோ குறைகிறது என்று மட்டும்தான் தோன்றியது. படுக்கை விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நாள் சட்டென்று புரிந்தது. யாரும் திட்டு வாங்காமல் இறங்கி வருகிறார்கள். அன்றே விரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மேலே கிளம்பினேன்.

எங்கள் ஊரிலிருந்து போனால் மேட்டைத் தாண்டி முதலில் வருவது மேல்பக்கத்துக் கேட்தான். அது திறந்து கிடந்தது.

முற்றத்தில் ஆடுகள் நின்றன. ஒன்று அவரைக்கொடியைக் கீழே இழுத்துப் போட்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நாத்தனார் கல் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விழுந்து கிடந்திருந்தால்கூட நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

ஆடுகளை விரட்டிவிட்டுக் கேட்டை மூடப் போனேன். அப்போதுதான் கேட் தூணைப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கண்கள் மூடியிருக்க, அந்தத் தூணில் மட்டும் மஞ்சள் பளிச்சென்று இருந்தது. சாம்பல் பெயிண்டை யாரோ புதிதாகத் தேய்த்து எடுத்திருந்தார்கள். கீழே புல்லில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் துண்டு துண்டாகக் கிடந்தது. வழி கீழேயே பிரிந்துவிடுகிறது. இந்தத் தூண்வரை ஒருத்தரும் வரப் போவதில்லை. இந்தக் கண்ணை யார் பார்த்து என்ன பிரயோஜனம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்டை மூடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"டீ போடட்டுமா அண்ணி?" என்றேன்.

"போடு."

அவர் அடுப்பில் நான் டீ போட்டேன். சர்க்கரை எவ்வளவு என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. மேஜையில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு டம்ளர்கள் எதற்கு என்று முன்பெல்லாம் நான் யோசித்ததே இல்லை.

"குளிருக்கு முன்னாடி உங்க வீட்டுக்கே வந்துடலாம்னு பாக்குறேன். உன் சின்ன ரூமு போதும்" என்றார்.

"அடுப்பு?"

"நீ போடுற உப்பையே சாப்பிட்டுக்குறேன்."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டேன். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை.

"ஏன் அண்ணி, இங்க நல்லா அமைதியாத்தானே இருக்கு இப்போ?"

"இருக்கு. தம்பி கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்கான்." கொஞ்ச நேரம் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அங்க பாலம் கட்டுனதும் நல்லதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அக்காவை உயிரோடு மூடிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்காதானே நிம்மதி வேணும்னு சொல்லுச்சு? டாக்டர் முன்னாடியே சொல்லுச்சே. பாத்துட்டு நல்லா இருக்குன்னும் சொல்லுச்சு."

"ஏங்க, அவங்க திட்டுறது திட்டா? அது பேச்சுங்க. அவங்களுக்கு வேற மாதிரி பேச வராது."

"நீ எதையாவது சொல்லாதே."

"கேட் திறந்து கிடந்துச்சு. ஆடு அவரையைத் தின்னுது. அண்ணி உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க."

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். "திறந்தா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அக்கா பாத்துக்கிட்டே இருந்துச்சா?" என்றார். நான் சொன்ன மற்ற எதுவும் செய்யாததை அந்தத் திறந்த கேட் செய்துவிட்டது.

ஆனாலும் மனுஷர் மாறவில்லை. "அக்கா வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே மாத்திடுறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை இந்த ஜன்மத்தில் வராது என்று அவருக்குப் புரிய வைக்க எனக்கு நேரமில்லை. குளிர் நெருங்கிக்கொண்டிருந்தது. சின்ன அறையைக் காலி பண்ணட்டுமா என்று வேறு கேட்டார். நாத்தனார் வந்து இருந்தால் எனக்குத் தொந்தரவுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் நான் பயந்தது அதற்கில்லை. உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியாது.

மறுபடியும் மேலே போனேன். இந்தத் தடவை பொய்யோடு போனேன்.

"அண்ணி, ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன். புது வழியில ஈரம் காயவே மாட்டேங்குது. ஒருத்தர் வழுக்கிக் கால் பிசகிடுச்சு. சங்கத்துல உங்க தம்பியைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க. முத்தத்து வழியவே திரும்ப விட முடியுமான்னு உங்ககிட்டக் கேக்க அவருக்கு வாய் வரல. நீங்க கஷ்டப்பட்டதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அவருக்காகக் கொஞ்சம்..."

நாத்தனார் என்னையே பார்த்தார். ரயில் வருகிறதா என்று தூரத்தில் பார்க்கிற பார்வை அது.

"எனக்கு என்ன தலையெழுத்தா?" என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"வயசான காலத்துல ஒருத்தி நிம்மதியா இருந்தா உங்க ரெண்டு பேருக்கும் பொறுக்காதே. சரி, தம்பிக்காக. ஆனா சொல்லிட்டேன், சும்மா விட மாட்டேன். குழாய்க்குப் புது வாஷர் போடணும். பெஞ்சு ஆடுது, அடியில கல்லு வைக்கணும். கேட்டுக்கு ஒரு ஸ்பிரிங் போடச் சொல்லு, தானா மூடிக்கட்டும். இதுங்க பின்னாடி கத்திக்கிட்டு இருக்க என்னால ஆகாது. ஆமா, நீ ஏன் வெயில்ல இப்படித் தலையை மூடாம வந்தே? அறிவு வேணாம்?"

அந்த மேட்டை நான் அன்று ஏறி இறங்கியதே எனக்குத் தெரியவில்லை.

முற்றத்து வழியைத் திறக்க அண்ணியே சரி சொல்லிவிட்டார் என்றேன், இவருக்கு அது போதும். மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். சங்கத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "ரெண்டு வழியும் இருக்கட்டும், நான் பேசிக்கிறேன். அவங்கள்ல பாதிப் பேருக்கு முட்டி வலி, மேல வந்தா பாக்கப் போறாங்க?" என்றார். பையில் மஞ்சள் பெயிண்ட், வாஷர், பெஞ்சுக்கு அண்டை கொடுக்கத் தட்டையான கல், எல்லாவற்றுக்கும் மேலே கடையில் நின்று பார்த்து வாங்கிய ஒரு நல்ல ஸ்பிரிங். சொன்னதில் ஒன்றுகூட விடவில்லை.

புது வழியாக இறங்கி, வழி பிரிகிற இடத்திலிருந்து மூடின கண்களின் மேலேயே மஞ்சளைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போய்ப் புது ஆள் முகம் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். முற்றத்துக்கு வந்தபோது நாத்தனார் வாசலில் நின்றார். "கல்லுல சொட்டுது பாரு. இப்படி வழிய வழியவா பிரஷ்ஷை எடுப்பே?" என்றார். வாஷர் போட்டாயிற்று. பெஞ்சு ஆடாமல் நின்றது. கடைசியாகக் கேட் தூணுக்கு வந்தவர், தேய்த்து எடுத்த அந்தக் கண்ணைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். விரலால் தடவிப் பார்த்தார்.

நாத்தனார் பேச்சை மாற்றினார். "வழுக்குனவருக்குக் கால் எப்படிடா இருக்கு?"

நான் இவருக்கு அந்த விஷயத்தைச் சொல்லி வைக்க மறந்திருந்தேன்.

"யாரு வழுக்குனாங்க?" என்றார் இவர். "என் படியில யாரும் வழுக்க மாட்டாங்க. ஒரு ஈரம் நிக்காது அக்கா, நான் தண்ணிக்கு வாட்டம் விட்டுல்ல கட்டியிருக்கேன்."

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் அவரைக்கொடியைப் பார்த்தேன். குழாயில்கூடச் சொட்டு நின்றிருந்தது.

இவர் மெதுவாகத்தான் கேட்டார். "அப்ப நீ ஏன் அக்கா நிம்மதி வேணும்னு சொன்னே?"

நாத்தனார் கட்டுப் பிரித்த மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"சொன்னேன்" என்றார். "நீ ஏன்டா குடுத்தே?"

என் வீட்டுக்காரர் கையில் பிரஷ்ஷோடு நின்றார். அக்காவைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், திறந்திருந்த கேட்டைப் பார்த்தார். அந்த முகம் புது ஆளாக நடிக்கும்போது வைத்துக்கொள்கிற முகமில்லை. உண்மையாகவே இப்போதுதான் அந்த ஊருக்குள் வந்தவர் மாதிரி இருந்தார். பிறகு குனிந்து, அந்தக் கண்ணின் மேல் புதிதாக ஒரு பூச்சுப் பூசினார். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்ட நாத்தனார், "ஸ்பிரிங் எங்கடா?" என்றார்.

அது பையில், மேலாகத்தான் இருந்தது. இவர் பைக்குள் கையை விட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை உள்ளே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

"மறந்துட்டேன் அக்கா" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் சரியாகச் சொல்லவும் வரவில்லை, காது சிவந்துவிட்டது. நாத்தனாருக்கா தெரியாது?

"உன்னை நம்பி ஒரு வேலை சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். சின்ன வயதில் தொலைத்த செருப்பு, கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தது, பெயிண்ட் பட்ட சட்டை என்று ஒன்று விடாமல் எடுத்தார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் இந்தத் தடவை வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. அதற்குள் கீழே வளைவுக்குள் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு தகப்பனும் தாயும் இரண்டு குழந்தைகளும் மஞ்சளைப் பார்த்துக்கொண்டே ஏறி வந்தார்கள். நாத்தனார் தம்பியைப் பாதியில் விட்டுவிட்டு டம்ளர்களை நிமிர்த்தப் போனார். போகிற போக்கிலேயே, "சின்னவளுக்குத் தொப்பி எங்க?" என்று கேட்டார்.

ஸ்பிரிங் எங்கள் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. நாத்தனார் வாரா வாரம் அதைக் கேட்கிறார். என் வீட்டுக்காரரும் வாரா வாரம் மறந்துவிட்டுப் போகிறார்.